ஆமைக் காடியில போன பிளவுஸ்

அன்னிக்கு சனிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலைதான். குருண் டவுன்ல இருக்கிற தையல் கடைக்குப் போயி, என் மனைவி மாலாவோட பிளவுஸை வாங்கிட்டு வரணும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவ அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பச்சைப் பட்டுச் சேலை, அதுக்குன்னே தச்ச பச்சை பிளவுஸ். நேரா போங்க, நேரா வாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினா.

என்னைத் தெரிஞ்சவங்களுக்கு அவ ஏன் ரெண்டு தடவை 'நேரா' சொன்னான்னு புரியும். பழைய காடியைப் பாத்தா நான் நின்னுருவேன். காடின்னா எங்க பக்கம் கார். எங்கிட்ட இருக்கிறது என்னவோ ஒரு மோட்டார் சைக்கிள்தான். ஆனா அறுபது வருஷத்து காடி எதாச்சும் ரோட்டுல போனா, கல்யாணப் பொண்ணைப் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு நிப்பேன்.

எங்க ஊரு திகாம் பத்து. அங்க இருந்து நேராத்தான் போனேன். பிளவுஸையும் வாங்கிட்டேன். பேப்பர் பையில போட்டு பத்திரமா கையில பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அது வரைக்கும் ஒரு குறையும் இல்ல.

பக்கத்து காப்பிக் கடை வாசல்ல நின்னுச்சு, ஒரு ஆமைக் காடி. உருண்டை முதுகு, ரெண்டு உருண்டைக் கண்ணு, இளநீல வர்ணம். பம்பர்ல என் முகம் தெரிஞ்சுச்சு. காலையில வீட்டுக் கண்ணாடியில பாத்ததைவிட நல்லாவே தெரிஞ்சுச்சு.

சுத்தி வந்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ள வெள்ளை ஸ்டியரிங். அதைப் படம் பிடிக்க ரெண்டு கை வேணும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தானேன்னு பையை பின்சீட்டுல வச்சேன்.

அந்த நேரம் பாத்து மாலா போன் பண்ணா. பிளவுஸ் வாங்கியாச்சான்னு கேட்டா. வாங்கிட்டேன், கிளம்பிட்டேன்னேன். ரோட்டுச் சத்தமே கேக்கலையே, எங்கயாச்சும் நிக்கிறீங்களான்னு சந்தேகப்பட்டா. அதுக்காக ரோட்டோரமா நடந்துக்கிட்டே பேசினேன். லாரிச் சத்தம் கேட்டதும் நம்பிட்டா.

போனை வச்சுட்டுத் திரும்பினேன். காடியைக் காணோம்.

காப்பிக் கடைக்காரர்கிட்ட ஓடினேன். அது ஒரு மலாய்க்காரப் பெரியவர் காடி, பெண்டாங் ஊர்த் திடல்ல இன்னிக்குப் பழைய காடிக்காரங்க எல்லாம் கூடுறாங்க, அங்கதான் பொண்டாட்டியோட போறாருன்னார். நான் முகத்தைத் தொடைச்சுக்கிட்டதைப் பாத்துட்டு, பயப்படாத லா தம்பி, அது மெதுவாத்தான் போகும்னு தைரியம் சொன்னார்.

மெதுவாத்தான் போயிருக்கும். ஆனா என் மோட்டார் அதைவிட மெதுவாப் போகுது. ரெண்டு பக்கமும் வயல், நடுவுல நான், முன்னாடி காலி ரோடு. அறுபது வயசுக் காடியை பெண்டாங் வரைக்கும் என்னால பிடிக்க முடியல.

திடல்ல போயி இறங்கினா, அங்க நிக்கிறது ஒரு ஆமை இல்ல, ஆறு ஆமை. அதுல மூணு இளநீலம்.

முதல் காடிக்குள்ள எட்டிப் பாத்தேன். சொந்தக்காரர் சந்தோஷமாயி, பின்பக்கம் திறந்து எஞ்சினைக் காட்டி, எந்தெந்த ஊர்ல எந்தெந்த சாமான் வாங்கினார்னு எல்லாத்தையும் சொன்னார். பாதியில விட்டுட்டு வர மனசு வரல. ரெண்டாவது காடிக்காரரும் அதேதான். உண்மையைச் சொல்லணும்னா, ரெண்டாவது காடியில கேள்வி கேட்டது நான்தான்.

மணி ஒண்ணாச்சு. மாலா மூணு தடவை கூப்பிட்டிருந்தா. நான் எடுக்கல.

மூணாவது காடி ஒரு மரத்தடியில நின்னுச்சு. பக்கத்துல மடக்கு நாற்காலியில ஒரு மக்சிக், அதாவது நம்ம அத்தை வயசு மலாய் அம்மா, உக்காந்திருந்தாங்க. மடியில மாலாவோட பிளவுஸ். அதோட ஜரிகையை ரெண்டு கூட்டாளிங்களுக்கு விரிச்சு விரிச்சு காட்டிக்கிட்டு இருந்தாங்க.

அவங்க புருஷன், அதாவது அந்தப் பெரியவர் பாக்சிக், என் முழியைப் பாத்ததுமே விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டார். கையைப் பிடிச்சு காடிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனார்.

இன்னிக்கு அவங்க கல்யாண நாளாம். அவர் மறந்துட்டாராம். பின்சீட்டுல பையைப் பாத்த மக்சிக், எனக்கா வாங்கினீங்கன்னு கேட்டிருக்காங்க.

"ஆமான்னு வாய்ல வந்துருச்சு தம்பி"ன்னார். "அவ சிரிச்சா. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?"

எனக்கு பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நாலு மணிக்கு நிச்சயதார்த்தம். பிளவுஸ் இல்லாம வீட்டுக்குப் போனா என் கல்யாண நாளுக்கும் வேலை இருக்காது.

அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். நான் தையல் கடை ஆளாம். அவருக்குக் கொடுத்த பை மாறிப் போச்சாம், திருப்பி வாங்க வந்திருக்கேனாம். அவ்வளவுதான், மீதியை நான் பேசிக்கிறேன்னார். மக்சிக் முன்னாடி போயி நின்னதும் அவர் வாயே திறக்கல.

நான்தான் சொன்னேன். மக்சிக் பொறுமையாக் கேட்டாங்க. பிளவுஸைத் தூக்கிப் பிடிச்சு மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இது பாதிதான் இருக்கு. மீதித் துணி எங்க?"

கட்டிங் மாஸ்டர் லீவுன்னேன்.

இந்த ஓரத்தையல் கையால போட்டதா, மெஷின்லயான்னு அடுத்த கேள்வி. மெஷின்னு அடிச்சு விட்டேன். இல்ல, கையாலன்னு திருத்திட்டு, கைப்பையில இருந்து அளவு டேப்பை எடுத்தாங்க. அவங்க முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தையல் சொல்லிக் கொடுத்த டீச்சராம். பாக்சிக் எங்கிட்ட இதைச் சொல்லவே இல்ல. நான் அவரைப் பாத்தேன். அவர் டயரைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

"கடையில எப்ப சேர்ந்த?"ன்னாங்க.

"இன்னிக்குத்தான், மக்சிக்."

அவங்ககிட்ட நான் சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்துல இருந்துச்சு.

தன் அளவை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. இதே பச்சை, இதே ஜரிகை, நீளக் கையோட, மலாய்ப் பொம்பளைங்க போடுற முழு பாஜு கூரோங் உடுப்பு, அடுத்த சனிக்கிழமை வேணும்னாங்க. எங்க வீட்டுக்கே வந்து வாங்கிக்குவாங்களாம். முகவரியையும் வாங்கிக்கிட்டுத்தான் பிளவுஸைக் கையில கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து சேரும்போது மூணேகால். மாலா வாசல்லயே நின்னா. பையை வாங்கிக் கொட்டினா. பிளவுஸோட அந்தத் தாளும் விழுந்துச்சு.

தாளைப் படிச்சா. பிறகு என்னைப் பாத்தா.

"யாரு இந்தப் பொம்பளை? அவங்க இடுப்பளவு உங்ககிட்ட எதுக்கு?"

எல்லாத்தையும் கொட்டிட்டேன். நிச்சயதார்த்தம் முடியுற வரைக்கும் அவ அக்கா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா. திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தா. பாவம் அந்த அம்மா, ஆசையா மடியில வச்சிருந்தாங்கன்னு சொல்றீங்க, தச்சுக் கொடுத்துருவோம்னா. திங்கட்கிழமையே துணி எடுத்து, அதே கடையில கொடுத்துட்டா. என்னை கூட்டிட்டுப் போகல.

அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டு வாசல்ல ஆமைக் காடி வந்து நின்னுச்சு. நான் ஓடிப் போயி கதவைத் திறந்துவிட்டேன். மக்சிக் உள்ள வந்து பாஜுவை விரிச்சாங்க. அதோட கையைத் தடவிப் பாத்தாங்க. ஓரத்தைத் திருப்பிப் பாத்தாங்க. பிறகு மாலா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"சேலை பிளவுஸ் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல எத்தனை தமிழ் டீச்சருங்களுக்கு நான் தச்சுக் கொடுத்திருக்கேன்"ன்னாங்க. "இவங்க ரெண்டு பேரும் எவ்வளவு தூரம் போறாங்கன்னு பாக்கத்தான் மீதித் துணி எங்கன்னு கேட்டேன்."

பாக்சிக் தன் காப்பிக் கோப்பைக்குள்ள எதையோ தேடினார். நானும் என் கோப்பைக்குள்ள தேடினேன். மாலா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. ஒரு வாரமா நான் பாக்காத சிரிப்பு.

கிளம்பும்போது, புது பாஜுவோட பாசார் சந்தை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்னு மக்சிக் சொன்னாங்க. நான் செருப்பைத் தேடுறதுக்குள்ள மாலா முன்சீட்டுல ஏறிட்டா. பின்சீட்டுல மக்சிக்கும், பாஜு கசங்காம இருக்க அவங்க விரிச்சு வச்ச துண்டும்.

நான் மோட்டாரை எடுத்துக்கிட்டு பின்னாடியே போனேன்.

பின்னாடி இருந்து பாத்தாலும் அழகான காடிதான்.