தாழ்ப்பாள் இல்லாத கல்லூரி

ஒரு கல்லூரிக்கு வரலாறு மிகவும் அவசியம். கட்டடத்தைக்கூடப் பிறகு கட்டிக்கொள்ளலாம். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் உள்ள பர்வதம் மகளிர் கலை அறிவியல் கல்லூரிக்கு இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற ஊர் அது. மல்லாட்டை மண்டி முதலாளி சீனுவாசன் அவர்கள், அந்த வருஷம் விலை விழுந்து கிடங்கு காலியாகக் கிடந்த காரணத்தால், பெண்குலம் கல்வி ஒளி பெற வேண்டும் என்று திருவுளம் கொண்டார். மூட்டை இருந்த இடத்தில் பெஞ்சு போட்டார்கள். மழைக்காலத்தில் வணிகவியல் வகுப்பில் இன்றும் மல்லாட்டை வாசனை வருகிறது.

கிடங்கின் பின்னால், மல்லாட்டை உடைக்க வந்த பெண்களுக்காகக் கட்டிய கழிப்பறைகள் இருந்தன. கல்லூரி தொடங்கிய மறு வருஷமே அவற்றின் தாழ்ப்பாள்கள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. புதிய தாழ்ப்பாள் வேண்டுமென்று மாணவிகள் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. கால் நூற்றாண்டாகப் பரிசீலிக்கிறார்கள் என்றால் எவ்வளவு ஆழமாகப் பரிசீலிப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் மாணவிகள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு; விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே ஒருத்தி உள்ளே போவாள், இன்னொருத்தி வெளியே கதவில் சாய்ந்து நிற்பாள். முதலாம் ஆண்டில் ஒரு பெண் சேர்ந்த அன்றே சீனியர் ஒருத்தி அவளுக்கென்று ஒதுக்கப்படுவாள். அந்தச் சீனியருக்குப் பெயர் 'கதவு'. "உனக்கு யாருடி கதவு?" என்பதுதான் அந்த வளாகத்தில் புதுப் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. "எங் கதவு இன்னிக்கு லீவு" என்று ஒருத்தி சொன்னால் அவளிடம் யாரும் தண்ணீர் பாட்டிலை நீட்ட மாட்டார்கள். படித்து முடித்துக் கல்யாணம் ஆகும்போது, தாய்மாமனுக்கு அடுத்த பத்திரிகை கதவுக்குத்தான்.

மூன்றாமாண்டு வரலாறு படிக்கும் ஜெசி, முதலாமாண்டு ரோஜாவுக்குக் கதவு. ஜெசிக்கு அனந்தபுரம் பக்கம் ஊர். ஊரில் மாதா கோயில் திருவிழா என்று அவள் சில நாள் வராமல் போனாள். அந்த நாள்களில் ரோஜா தண்ணீரே குடிக்கவில்லை. ஒரு நாள் காலை வணக்கத்தில் கொடிக்கம்பத்தின் கீழே சுருண்டு விழுந்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரம்மா, இப்படியே இருந்தால் கிட்னி போய்விடும் என்று திட்டி அனுப்பினார். ஜெசிக்குத் தூக்கம் போயிற்று. ஏப்ரலில் அவள் படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு ரோஜாவுக்கு யார் நிற்பார்கள் என்று அவள் பயந்தாள்.

இத்தனைக்கும் புதிய கழிப்பறைக் கட்டடம் ஒன்று தயாராகவே இருந்தது. வெள்ளை டைல்ஸ், பளபளக்கும் குழாய், கதவுக்குக் கதவு எவர்சில்வர் தாழ்ப்பாள். வாசலில் ரிப்பன் கட்டிப் பெரிய பூட்டும் போட்டிருந்தார்கள். ஜெசி நேராக முதல்வர் முனைவர் அன்புச்செல்வியிடம் போனாள்.

"மேடம், அந்தப் புது பாத்ரூம தொறந்து உடுங்க மேடம்."

"திறந்தா என்னம்மா ஆகும்?"

"போவோம் மேடம்."

"போனா?"

பதிலையும் முதல்வரே சொன்னார்.

"அழுக்காகும். அழுக்கானா, தர மதிப்பீட்டுக் கமிட்டி வந்து எதைப் பாக்கும்? முதல்ல கமிட்டி பாக்கணும். அப்புறம்தான் நீங்க."

"கமிட்டி எப்ப மேடம் வருது?"

"தேதி பரிசீலனையில இருக்கு."

கமிட்டி என்றால் சாதாரணம் அல்ல. அது வந்து பார்த்துவிட்டு ஏ, பி என்று ஓர் எழுத்துப் போடும். அந்த எழுத்தைக் கல்லூரி தன் வாசல் வளைவில் எழுதி, பஸ்ஸில் எழுதி, பெற்றோர் தலையில் கட்டணமாகவும் எழுதும். நல்ல எழுத்து வேண்டுமானால் 'சிறந்த நடைமுறை' ஒன்று காட்ட வேண்டும். மற்ற கல்லூரிகள் எல்லாம் மரம் நட்டுவிட்டன. செல்பி எடுக்கச் சுவரில் இறக்கைப் படமும் வரைந்துவிட்டன. நமக்கென்று தனியாக ஏதாவது கண்டுபிடிக்கச் சொல்லி வரலாற்றுத் துறைத் தலைவர் அம்சா பணிக்கப்பட்டார்.

அம்சா மேடம் பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒரு மத்தியானம் வராந்தாவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. "எங் கதவு என்னிய ஒரு நாளும் உட்டுட்டுப் போனதில்லடி." அம்சா மேடம் ஓடிப்போய் முதல்வர் அறைக் கதவைத் தட்டினார்.

"மேடம், ஒவ்வொரு ஜூனியருக்கும் ஒரு சீனியர். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிக்கிறாங்க. இருபத்தஞ்சு வருஷ பாரம்பரியம். ஆதாரத்தோட சொல்லலாம்."

"எங்க நிக்கிறாங்க?"

"அது எதுக்கு மேடம் கமிட்டிக்கு?"

அன்று மாலையே 'துணைநிற்றல் திட்டம்' பிறந்தது. பிறந்த அன்றே அதற்கு இருபத்தைந்து வயது.

கமிட்டி வந்தது. வாசலில் பன்னீர் தெளித்து இளநீர் கொடுத்தார்கள். தமிழ்த் துறையில் பாதாம் பால், கணிதத்தில் மோர், கணினியில் காபி என்று துறை தோறும் உபசரித்தார்கள். மத்தியானம் ஆவதற்குள் கமிட்டித் தலைவி அம்மையாரின் முகம் மாறிவிட்டது. முதல்வரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

"மூணு மணிக்குப் புதுக் கழிப்பறைய நீங்களே ரிப்பன் வெட்டித் திறக்கறீங்க மேடம். நிகழ்ச்சி நிரல்ல இருக்கு."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?"

"தாவரவியல்ல பானகம் வெச்சிருக்காங்க மேடம்."

முதல்வர் அறையை ஒட்டியே ஒரு குளியலறை உண்டு. ஆனால் உடைந்த நாற்காலி, ஓடாத கம்ப்யூட்டர் என்று கமிட்டி பார்க்கக் கூடாதவை எல்லாம் அதற்குள் கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்தன. வேறு வழியில்லாமல் தலைவி கிடங்குக்குப் பின்னால் அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே ஜெசி நின்றுகொண்டிருந்தாள். ரோஜா அப்போதுதான் வெளியே வந்தாள். தலைவி உள்ளே போனார்.

"யாரும்மா வெளியில?"

"நாந்தான் மேடம், ஜெசி. சாஞ்சிகினுதான் இருக்கேன். பயப்படாதீங்க."

"போயிட மாட்டியே?"

"போமாட்டேன் மேடம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவேவா?"

"இப்ப உட்டா உங்கள நான் எங்க மேடம் புடிக்கறது?"

தாழ்ப்பாள் விழுந்த கதை, ரோஜா விழுந்த கதை, புதுக் கட்டடத்தின் பூட்டு எல்லாவற்றையும் ஜெசி கதவோடு சொன்னாள். உள்ளிருந்து தலைவி கெஞ்சினார்.

"கட்டாயம் எழுதறேன்மா. கதவ மட்டும் விட்டுடாதே."

எழுதுகிறேன் என்று சொன்னவர் எழுதாமல் போவதுதான் நாம் அறிந்த வழக்கம். இவர் எழுதிவிட்டார். அறிக்கை வந்தது: 'இக்கல்லூரியின் துணைநிற்றல் திட்டத்தை நேரில் அனுபவித்தோம். இக்கட்டான வேளையில் ஒரு மாணவி எம்மைக் கைவிடவில்லை. இவ்வரிய நடைமுறை புதிய கட்டடத்துக்கும், மாணவியர் முதல் முதல்வர் வரை அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும்.' எழுத்து, இருப்பதிலேயே உயர்ந்த எழுத்து. கல்லூரி வாசலில் வெடி வெடித்தார்கள்.

முதல்வர் அறிக்கையை வரிக்கு வரி படித்து, வரிக்கு வரி நிறைவேற்றத் தொடங்கினார். ரிப்பன் வெட்டிய கையோடு மறுபடி பூட்டிவைத்த புதிய கட்டடத்தைத் திறக்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் துணை எதற்கு? துணை இல்லாவிட்டால் திட்டம் ஏது? திட்டம் இல்லாவிட்டால் எழுத்து நிற்குமா? தச்சர் டோமினிக் வரவழைக்கப்பட்டார்.

"நல்லா கீற தாழ்ப்பாள கழட்டச் சொல்றீங்களே மேடம், இன்னாத்துக்கு?"

"தரத்துக்கு."

டோமினிக் கழற்றினார். ஜெசி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம், தாழ்ப்பா அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம். நாங்க போடாம இருந்துக்கறோம்."

"உங்கள நம்ப முடியாதும்மா. அவசரத்துல போட்டுடுவீங்க."

'முதல்வர் வரை' என்றும் அறிக்கையில் இருந்ததே. முதல்வரின் குளியலறையிலிருந்து நாற்காலிகள் வெளியேறின, கூடவே தாழ்ப்பாளும் வெளியேறியது. தலைவியே பாராட்டிய மாணவி என்பதால் முதல்வருக்குக் கதவாக ஜெசி நியமனம் பெற்றாள். நியமன ஆணையை மேடையில் பொன்னாடையோடு வழங்கினார்கள். அன்று முதல் பாடம் நடக்கும்போதெல்லாம் ஆள் வந்து அவளைக் கூப்பிட்டது. அந்த நேரங்களில் ரோஜா மறுபடியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் முதல்வர் உள்ளே, ஜெசி வெளியே. எதிரே முதல்வரின் அறையில், திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள விழுப்புரம் கல்லூரிகளிலிருந்து வந்திருந்த ஐயாமார்கள் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஹாரன் கேட்டது.

"மேடம், அனந்தபுரம் பஸ்ஸு வந்துடுச்சு. நான் போவட்டா?"

"இரும்மா, இரும்மா."

"இத உட்டா அப்பால பேஜாரு மேடம். அந்தத் தாழ்ப்பாளுங்கல்லாம் எங்க கீது?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. அடுத்த கமிட்டி வந்தா மாட்டிக் காட்டணும் இல்ல?"

"நான் வர்றேன் மேடம்."

ஜெசி முதுகைக் கொஞ்சம் எடுத்தாள். கதவு கிறீச்சிட்டது. ஐயாமார்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பீரோ சாவி மேசை மேலதான் இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கோ. கதவ மட்டும் விட்டுடாதே."

மறுநாளே டோமினிக் வந்து எல்லாத் தாழ்ப்பாளையும் திரும்ப மாட்டினார். முதல்வர் கமிட்டிக்கு, 'துணைநிற்றல் திட்டம் தொய்வின்றித் தொடர்கிறது' என்று மனமறிந்து ஒரு பொய்யை எழுதி அனுப்பினார். ஜெசி அன்றைக்கு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்; ரோஜாவையும் ஒரு பாட்டில் முழுக்கக் குடிக்க வைத்தாள்.

கல்லூரி விட்டதும் ரோஜா புதிய கட்டடத்துக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஜெசிக்குக் கேட்டது. இனி நமக்கு இங்கே வேலையில்லை என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"யக்கா, இருக்கியா?"

"தாழ்ப்பா போட்டியாடி?"

"போட்டுட்டேன்க்கா."

"அப்புறம் இன்னா?"

"இருந்தாலும் இரு யக்கா."

பக்கத்துக் கதவுகளிலும் அப்படித்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, வெளியே ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். முதல்வர் அறைப் பக்கமிருந்தும் "ஜெசி, இருக்கியா?" என்று மெல்ல ஒரு குரல் வந்தது. ஆக, கமிட்டிக்கு அனுப்பிய கடிதத்தில் பொய் என்று சொல்ல ஒரு வரியும் இல்லாமல் போயிற்று.

ஜெசி பையை இறக்கிவிட்டுக் கதவில் சாய்ந்தாள். "இருக்கேன்டி, ஜல்தி வா," என்றாள். அனந்தபுரம் பஸ் கேட்டில் நின்று ஹாரன் அடித்துவிட்டு, ஆள் யாரும் வராததால் புறப்பட்டுப் போயிற்று.