விழுந்தால் யாருக்குச் சொல்வது?

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகள் இருவரும், என்னுடைய முன்பல் ஒன்று நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தானும் பல் குறையாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். இரண்டு வருடமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் மரியாதை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பகல் பதினொன்றரை மணிக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி உங்களுக்குப் போன் செய்து, "உங்க தம்பி கீழ விழுந்துட்டாரு" என்று சொன்னதற்கும், அடுத்த பத்தாவது நிமிடம் அதே பெண்மணி மறுபடியும் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல, நீங்க வர வேண்டாம்" என்று சொன்னதற்கும் விளக்கம் தரவே இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். பல் போனால் சொல் போச்சு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. நேற்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் பாதி காற்றாகத்தான் வருகிறது.

நடந்தது இதுதான். நானும் பிள்ளைகளின் அம்மாவும் பிரிந்தபோது பேசி முடித்தபடி, பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். மகளுக்குப் பத்து வயது. எதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவதால் நீதிபதி என்றுதான் கூப்பிடுகிறேன். சின்னவனுக்கு ஆறு, அவன் எப்போதும் போலக் குட்டிதான். முதல் மூன்று நாள் அவர்களை என் வேலை அறைக்கே கூட்டிப்போனேன். பல் டாக்டர்கள் வாய் அளவை அனுப்ப, நான் பின்னறையில் தனியாக உட்கார்ந்து பல்செட் செய்கிற அதே அறைதான். அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். குட்டி அண்ணாந்து பார்த்து, "இவங்கள்லாம் யாருப்பா?" என்றான். தெரியாதுடா என்றேன். "ஒருத்தரையுமா தெரியாது?" என்றான். பதினாறு வருடமாக ஊரார் வாயெல்லாம் என் கையில் இருக்கிறது, ஒரு முகத்தையும் நான் பார்த்ததில்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்ல? மூன்றாம் நாள் நீதிபதி அந்த அறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அப்ப நீ நாள் முழுக்க யார்கூடப் பேசுவ?" என்று கேட்டாள். ரேடியோ இருக்கிறதே என்றேன். உடனே தீர்ப்பு வந்துவிட்டது: நாளைக்கு மூன்று பேரும் ஸ்கேட்டிங் பூங்கா.

அந்தப் பூங்காவில் வாசலிலேயே ஒரு படிவம். உள்ளே வருகிற பெரியவர்களும் நிரப்ப வேண்டுமாம். விழுந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒரு கட்டம், பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். பிள்ளைகளுக்கு என் எண்ணை எழுதினேன். எனக்கும் என் எண்ணையே எழுதினேன். கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "சார், நீங்க மயங்கிக் கெடந்தா உங்களுக்கேவா போன் போடுறது?" என்றார். பின்னால் வரிசையில் சிரிப்பு. போனைத் திறந்து தேடினால் நான்கு பல் டாக்டர்கள், பிளாஸ்டர் மாவு கொண்டுவருகிறவர், வீட்டுச் சொந்தக்காரர், பிள்ளைகளின் அம்மா. அவளை எப்படிப் போடுவது? நீதிபதி என் சட்டையை இழுத்து, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பா, உனக்கு யாருமே இல்லையா?" என்றாள். ஏன் இல்லை என்று சொல்லி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை எழுதிவிட்டேன். உறவு: அக்கா. "பக்கத்துலதான் இருக்காங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். ஏழு மணி நேரப் பயணம் என்று சொன்னால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று, ஆமாம், பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போய் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிமெண்டுக் குழிக்குள் சக்கரப் பலகையில் ஏறினார்கள். முதலில் குட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் கை காட்டினான். நானும் காட்டினேன். அப்புறம் மறந்துவிட்டான். அரை மணி நேரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக விளையாடுகிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் எனக்கு மனசு என்னவோ செய்தது. தொழில் புத்தி வேறு சும்மா இருக்கவில்லை. எந்தப் பிள்ளை விழுந்தாலும் எனக்கு வாய்தான் தெரிகிறது. எழுந்து நின்று, "வாய மூடிக்கிட்டு விழுங்க!" என்று கத்தினேன். யாரோ ஒரு அப்பா தன் பிள்ளையைத் தள்ளிக் கூட்டிப்போனார். சரி, பெஞ்சில் இருந்தால்தானே இந்த அவமானம் என்று நானும் ஒரு பலகையை வாங்கி ஏறினேன். அக்கா, நம்பினால் நம்பு, பத்தடி தூரம் போனேன். நீதிபதி திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா!" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குப் பலகையே சறுக்கிவிட்டது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லத்தான் பார்த்தேன், அதற்குள் குட்டி என் பல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "நீயே வேற செஞ்சுக்கலாம்லப்பா?" என்று ஆறுதல் சொன்னான்.

உதட்டில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கவுண்டர் அம்மா வந்தார். "உங்க அக்காவுக்குச் சொல்லிட்டேன் சார். 'இதோ கெளம்பிட்டேன், எந்த ஆஸ்பத்திரி?'ன்னாங்க. வேற ஒரு கேள்வி கேக்கல" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் அப்படி. பிறகு நான் நன்றாக இருப்பதைப் பார்த்து அந்த அம்மாவே தானாக உனக்கு மறுபடி போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதுவும் நல்லதுதான். உன் முழங்கால் வலியோடு ஏழு மணி நேரம் எதற்கு? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு முழுக்கச் சத்தம். நடக்க முடியாதபடி சாக்ஸும் பென்சிலும் கிடக்கின்றன. பழையதை மனதில் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. நீயும் அலைய வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்காலும் அவருடைய ரத்த அழுத்தமும் ஆண்டவன் அருளால் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கி இருக்கட்டும்.

இப்படிக்கு,
குறையொன்றுமில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. அந்த அம்மா தானாகப் போன் செய்யவில்லை. வர வேண்டாம் என்று சொல்லும்படி அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியது நான்தான். நீ வந்து நின்றால் பிள்ளைகள் முன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்துவிட்டேன். அவள் என்னை விட்டுப் போன அன்று, "வாயத் தொறந்து பேசாதவன்கூட எவ இருப்பா? தப்பு உன் மேலதான்" என்று நீ சொன்னாய். அதற்குத்தான் இரண்டு வருடம் உன்னோடும் பேசாமல் இருந்து நீ சொன்னதை நிரூபித்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகளின் அம்மா வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதற்குள் வந்தால் அவர்களைப் பார்க்கலாம். முடியாவிட்டால் அதற்கு அப்புறம் வா. அப்புறம் வந்தாலும் சரி அக்கா, எனக்கு நீ அப்போதுதான் அதிகம் வேண்டும்.