கடப்பாரை வேட்பாளர்

கடப்பாரையை எப்படிப் பிடிப்பது என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியவில்லை.

"சார், அது பேனா இல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றார் கட்சியின் கிளைச் செயலாளர். "முகத்துல கொஞ்சம் கோபம் வேணும். போஸ்டருக்குப் போற படம்."

கண்ணாடிக்கடைக்காரர் கோபப்பட்டுப் பார்த்தார். தும்மல் வரப்போகிறவர் போல இருந்தது. படம் எடுத்தவர், வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று காலமெல்லாம் தணிந்த குரலில் கேட்டு மூக்குக்கண்ணாடி விற்றவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

கால்வாய்க்கு இந்தக் கரையில் அவர் வீடு. அந்தக் கரையில் மகளின் புகுந்த வீடு. நடுவில் பழைய பாலம். அதன் கைப்பிடி எப்போதோ உதிர்ந்துபோய், ஒரே ஒரு தூண் மட்டும் கடைசிப் பல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. போன மழையில் அவர் மனைவி அங்கே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. பாலத்தைக் கண்டாலே கால் பின்வாங்கியது. மகள் எப்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மாள் எதிர்க்கட்சிக்காரி. ஆனாலும் நல்ல மனுஷி. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். நகராட்சித் தேர்தலில் இருவருமே நிற்பது. யார் ஜெயித்தாலும் முதல் வேலையாகக் கைப்பிடி போடுவது.

நிற்பதற்குக் கட்சி சீட்டு தர வேண்டுமே! பழைய பாலத்தை இடித்துப் புதுசு கட்ட வேண்டும் என்பது இவர் கட்சி. பழைய பாலத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்பது சம்பந்தியம்மாள் கட்சி. வேட்பாளர் யார் என்பதைக் கிளைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்கள். வேலைவெட்டி உள்ளவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. கட்சியே மூச்சு என்று இருப்பவர்கள்தான் வருவார்கள். அதிலும் முன்வரிசையில் ஒரு பெரியவர் உண்டு. அவர் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ, கூடமே அந்தப் பக்கம் உயரும்.

கண்ணாடிக்கடைக்காரர் மைக் முன்னால் நின்றார். "பாலத்துக்கு ஒரு கைப்பிடி போட்டா..."

"பத்தாது!" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

கூடம் அதைப் பிடித்துக்கொண்டது. "பத்தாது! பத்தாது!"

"சரி, ரெண்டு பக்கமும் போட்டுடலாம்."

"பத்தாது!" பெரியவர் கன்னத்தில் கை வைத்து முகத்தைச் சுளித்தார்.

"அப்ப பாலத்தையே மாத்திக் கட்டலாம்!"

"பத்தாதுய்யா!"

கண்ணாடிக்கடைக்காரருக்கு வியர்த்தது. சீட்டு போனால் கைப்பிடி போச்சு. கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "இடிப்பேன்! பதவியேத்த அன்னிக்கே, என் கையால, கடப்பாரை எடுத்து இடிப்பேன்!"

பெரியவர் முகம் மலர்ந்தது. கை உயர்ந்தது. கூடமே கைதூக்கியது.

"கைப்பிடி கேக்கப் போனவர் பாலத்தையே காவு வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி. "இனிமே கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்னு உங்ககிட்ட கேக்கவே பயமா இருக்கு. வீட்டை இடிச்சுடுவீங்க."

அடுத்த வாரம் சம்பந்தியம்மாள் போனில் அழாத குறை. "என்ன சம்பந்தி இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க கூட்டத்துல கைப்பிடின்னு வாயைத் திறந்தேன். 'அவர் கடப்பாரையோட நிக்கறார், நீங்க கைப்பிடியோட நிக்கப் போறீங்களா?'ன்னு கேட்டுட்டாங்க. பாலத்து மேலயே படுத்துடுவேன்னு சொல்லிட்டேன்."

"நிஜமாவா படுக்கப் போறீங்க?"

"பாய் வாங்கிட்டாங்களே!"

போனை மகள் பிடுங்கினாள். "மாமியார் பாலத்துல படுக்கறாங்க, அப்பா அதை இடிக்கறார். நான் கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எந்தப் பக்கமா நடக்கறது?"

வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனால் வேறு கூத்து. "இடிச்சுட்டா வேலைக்கு நான் நீந்தியா போறது?" என்று ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"அது வந்தும்மா... கடப்பாரைங்கறதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு."

அன்று சாயங்காலமே செயலாளர் கடைக்குள் புயலாக நுழைந்தார். "பேச்சுக்கா? தொண்டர்கள் கொதிக்கறாங்க சார். இது பெரியவர் காதுக்குப் போனா என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

"என்ன பண்ணணுங்கறீங்க?"

"பாலத்துல ஒரு தட்டு தட்டுங்க. அடையாளமா. அவங்க வாயை அடைச்சுடலாம்."

போனார்கள். பாலத்தின் நடுவில் சம்பந்தியம்மாள் பாய் விரித்துப் படுத்திருந்தாள். "பாத்து, சம்பந்தி," என்று உதடு அசையாமல் சொன்னாள். "தலைக்குப் பக்கத்துல வேணாம்."

யாருக்கும் சேதமில்லாத இடமாகத் தேடி, மிச்சமிருந்த அந்த ஒற்றைத் தூணைத் தேர்ந்தெடுத்தார். ஃபிரேமுக்குள் கண்ணாடியைப் பொருத்துகிற பக்குவத்தோடு லேசாக ஒரு தட்டு தட்டினார். தூண் கொஞ்சம் யோசித்தது. பிறகு தலைகுப்புறக் கால்வாயில் விழுந்தது.

தொண்டர்கள் விசிலடித்தார்கள். சம்பந்தியம்மாள் போராட்டத்தை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கைப்பிடி போடறேன்னு சொல்லி, இருந்ததையும் தள்ளிட்டீங்களே!"

ஊர் இரண்டு பேரையும் தோற்கடித்தது. இடிக்கிறவரும் வேண்டாம், படுக்கிறவரும் வேண்டாம் என்று சுயேச்சையாக நின்ற குடைக்கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தது. பாலத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவர் "யோசிப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஜெயித்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

முடிவு தெரிந்த அன்று மனைவி கேலி செய்யவில்லை. பேத்தியின் படத்தைத் துடைத்து மறுபடியும் மாட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சில மாதம் கழித்து முன்வரிசைப் பெரியவர் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று வழக்கமான குரலில் கேட்டார் கடைக்காரர்.

"இதுதான்," என்றார் பெரியவர் சட்டென்று.

லென்ஸைக் கழற்றும்போது கடைக்காரரால் அடக்க முடியவில்லை. "ஐயா, மனசுல வச்சுக்காதீங்க. கைப்பிடி போடலாம்னு நான் சொன்னப்பவே நீங்க சரின்னிருந்தா, என் வீட்டுக்காரி இந்நேரம் பேத்தி வீட்டுக்கு நடந்து போயிருப்பா."

"கைப்பிடியா? அருமையான யோசனையாச்சே! எப்ப சொன்னீங்க?"

"அன்னிக்குக் கூட்டத்துலதான். நீங்கதானே பத்தாது பத்தாதுன்னு..."

பெரியவர் காதுக்குப் பின்னால் பளபளத்த புது மிஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"மைக் சத்தம் பத்தாதுன்னுதானே தம்பி நான் கத்தினேன்! ஆமா, கடைசியில கொஞ்சம் கேக்கற மாதிரி என்னமோ சொன்னீங்களே, அது என்ன?"