ஆகாசம் சாரின் போர் விமானம்

திருச்சி ஜில்லாவிலேயே சொந்தமாகப் போர் விமானம் வைத்திருந்த ஒரே மனிதரோடு நான் மூன்று வருஷம் ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன். கலெக்டரிடம்கூட ஜீப்தான் இருந்தது. எங்கள் ஆகாசம் சாரிடம் விமானம் இருந்தது, அதுவும் கட்டிலுக்கு அடியில்.

ஆகாசம் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. புத்தூரில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் வைத்த பெயர். அறுபதுகளின் ஆரம்பம் அது. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. நான் குமாஸ்தா, அவர் டிராஃப்ட்ஸ்மேன். தெருவில் நடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். புத்தூர் நால்ரோட்டில் அவர் மோதாத மாடு கிடையாது. மோதிவிட்டு, "ஸாரி சார்" என்று அதனிடமே மன்னிப்பும் கேட்பார். ஒரு காலத்தில் விமானப்படையில் சேரப் போயிருந்தாராம். சுவரில் மாட்டியிருந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார்களாம். இவர், "எந்தச் சுவர்?" என்று கேட்டிருக்கிறார். மறு பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருத்தம் தெரிந்த அவருடைய அத்தை பிள்ளை கப்பலில் வேலை பார்த்தார். லண்டனிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்து கொடுத்தார். பெட்டி மேல் ஒரு போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. திறந்து பார்த்தால் உள்ளே மெல்லிய மரத் தகடுகளும் குச்சிகளும்தான்.

"கப்பல்ல வரும்போது நொறுங்கிடுச்சா சார்?" என்றேன்.

"இல்லை சார். இனிமேதான் சேரணும்."

பால்ஸா என்று ஏதோ ஒரு மரம். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி கனமே தெரியாது. அதை பிளேடால் வெட்டி, ஒட்டி, எலும்புக்கூடு மாதிரி ஒன்று செய்து, மேலே காகிதம் போர்த்த வேண்டும். மூக்கில் வைக்க எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எஞ்சின். வயிற்றுக்குள் வைக்க ஒரு ரேடியோ. கீழே நிற்கிறவர் கையில் பொத்தான் வைத்த ஒரு பெட்டி. ஒரு தடவை அமுக்கினால் விமானம் வலது பக்கம் திரும்பும், இரண்டு தடவை அமுக்கினால் இடது பக்கம்.

"நாம கீழ நின்னு சொன்னா, அது மேல கேக்கும் சார்" என்றார் பெருமையாக.

"நம்ம ஆபீஸ் பியூன் பக்கத்துல நின்னு சொன்னாலே கேக்க மாட்டேங்கறான் சார்" என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினாலு மாசம் கட்டினார். பெட்டியில் வந்த பசை நம் ஊர் வெயிலில் காய்ந்து கட்டியாகிவிட்டதால், லாட்ஜ் சமையல்கட்டில் மைதா வாங்கிப் பசை காய்ச்சினார். ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது இறக்கையைக் காணோம். எலி ருசி பார்த்து முழுசாக முடித்துவிட்டிருந்தது. லாட்ஜ் மேனேஜர் ரஹீம் பாய், "பாஷாணம் வச்சிடலாங்க" என்றார். இவர் பதறிப்போய், "வேண்டாம் பாய், அது தெரியாமப் பண்ணிடுத்து" என்று எலிக்குப் பரிந்து பேசினார். அப்புறம் புஸ்தகம் பைண்டு பண்ணுகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எலி வாய் வைக்காதபடி பசையில் மயில்துத்தம் கலந்து புது இறக்கை செய்தார்.

எஞ்சினுக்குத் தீனி, மண்ணெண்ணெயும் ஈதரும் விளக்கெண்ணெயும் சேர்ந்த கலவை. வாராவாரம் விளக்கெண்ணெய் வாங்கப் போன இவரை மளிகைக் கடைக்காரர் ஓரமாக அழைத்து, "சார், கூச்சப்படாம ஒரு டாக்டரைப் பாருங்க, இதெல்லாம் முத்தவிடக் கூடாது" என்றாராம். பெயிண்டுக்கும் இப்படித்தான். லாட்ஜ் கதவுக்கு அடித்த செங்காவி மிச்சம் இருந்தது, ஜன்னலுக்கு அடித்த வெள்ளை மிச்சம் இருந்தது. உடம்பும் இறக்கையும் செங்காவி, தலையும் மார்பும் வெள்ளை என்று அடித்து முடித்தார். இந்த இரண்டு நிறத்தையும் வாசகர்கள் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொத்தானை அமுக்கிச் சோதித்துப் பார்த்த நாட்களில் ரஹீம் பாயின் ரேடியோ 'கொர்' என்று தொண்டையைக் கனைத்தது. இலங்கையிலிருந்து வரும் பாட்டுக்குத் தவம் கிடக்கிற மனிதர் அவர். மாடிப்படியில் நின்று, "ஆகாசம் சார், பல்லவி மட்டும் முடிஞ்சிரட்டும், அப்புறம் அமுக்குங்க" என்று கெஞ்சுவார்.

ரேடியோப் பெட்டிக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சட்டத்துக்கு நடுங்குகிற மனிதர், மூன்று பிரதி விண்ணப்பம் எழுதினார். 'எதற்காக' என்ற இடத்தில் 'என் போர் விமானத்தை இயக்குவதற்காக' என்று அழகான டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்தில் எழுதியும் வைத்தார். நாலே வாரத்தில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"போர் விமானம் வச்சிருக்கீங்களாமே, எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"கட்டிலுக்கு அடியில சார்."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். குனிந்து பார்த்தவர், அரை மணி நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். போகும்போது, "கிளம்புறப்ப எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அனுமதியும் வந்து சேர்ந்தது.

இதற்கு நடுவில் ஆகாசம் சாருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி. பெயர் ரங்கநாயகி. பெண்ணின் அப்பா சேஷாத்ரி மாமாவின் பேச்சில் ஒரு கண்டிப்பு இருக்கும். பெண் பார்க்க நானும் கூடப் போனேன். பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே இவர் விமானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு மானம் போயிற்று. மாமா கூரையில் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது கதவோரம் நின்ற பெண் மெதுவாகக் கேட்டது: "அது எவ்வளவு உயரம் போகும்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் காவேரிப் பாலம் வரைக்கும் மனிதர் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கேட்டேளா சார்? பதினாலு மாசத்துல இதை ஒருத்தர்கூடக் கேக்கலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மாமா, மாப்பிள்ளை குடியிருக்கிற இடத்தைப் பார்க்க லாட்ஜுக்கு வந்தார். வந்தவர் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். விமானத்தின் வால் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. 'மடக்' என்று ஒரு சத்தம். தன் இடுப்புதான் போயிற்று என்று நினைத்து மாமா இரண்டு நிமிஷம் அசையவே இல்லை. விஷயம் புரிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"அம்பி, நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி இந்தப் பொம்மையை யாருக்காவது குடுத்துடணும்."

"ஒரே ஒரு தடவை பறக்க விட்டுட்டுக் குடுத்துடறேன் மாமா" என்றார் இவர்.

மாமா யோசித்தார். "ஒரு தடவை. ஆனா யார் தலையிலயாவது விழுந்துதுன்னு என் காதுல பட்டுதோ, சம்பந்தம் கிடையாது. ஜெயிலுக்குச் சாப்பாடு அனுப்பறதுக்கு நான் பொண்ணைப் பெத்து வளர்க்கலை."

வாலைச் சரி செய்து முடிப்பதற்குள் வைகாசி கடைசி வந்துவிட்டது. மறுநாள் நிச்சயதார்த்தம். விட்டால் இன்று, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. காலை ஏழரைக்குக் கொள்ளிடம் மணலில் நின்றோம். அங்கிருந்து கிழக்கே கரையோரம் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அன்றைக்கு அங்கே சம்ப்ரோக்ஷணம். கும்பாபிஷேகம் என்று சொல்லிவிட்டால் மாமா முகம் சுளிப்பார். பொறுப்பெல்லாம் அவர்தான். ஒன்பது மணிக்குள் நாங்களும் அங்கே போய் நிற்க வேண்டும் என்று உத்தரவு.

எஞ்சினைக் கிளப்புவதற்குள் மணி எட்டரை தாண்டி, அவர் விரலும் நாலு இடத்தில் வெட்டுப்பட்டது. நான் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மணலில் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். திறந்து பார்த்தால், பறக்கிறது. அந்த மைதாவும் மயில்துத்தமும் செங்காவியும் சேர்ந்து ஜம்மென்று மேலே போகிறது. அவர் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. "மேல போறதா சார்? எனக்குச் சரியாத் தெரியலை, நீங்க சொல்லுங்கோ" என்றார்.

"தென்னை மரத்தைத் தாண்டிடுச்சு சார்."

ஒரு தடவை அமுக்கினார். வலது பக்கம் திரும்பியது. இரண்டு தடவை அமுக்கினார். வலது பக்கமே திரும்பியது. பத்துத் தடவை அமுக்கினார். விமானத்தைத் திருப்புகிற வால் தகட்டை இழுக்கிற ரப்பர் வெயிலில் இளகிப்போனதால், சைக்கிள் டியூபை நறுக்கி மாட்டியிருந்தார். அது இறுகிக்கொண்டுவிட்டது. விமானம் வலது பக்கமாக வட்டம் அடித்துக்கொண்டே, மேல்காற்று தள்ளத் தள்ளக் கிழக்கே போக ஆரம்பித்தது.

"சார், அங்க கோயில்ல அறுநூறு தலை இருக்கு" என்றார்.

ரஹீம் பாயின் சைக்கிளில் நான் மிதிக்க, பின்னால் அவர் பெட்டியை மடியில் வைத்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தார். பாதி வழியில் எஞ்சின் சத்தமும் நின்றுவிட்டது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. இனி அது எங்கே இறங்கினாலும் அது பெருமாள் விட்ட வழி. ரங்கநாயகி கிடைப்பதும் அப்படித்தான்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால், அறுநூறு பேரும் ஆகாசம் சாராக மாறியிருந்தார்கள். அத்தனை தலையும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. கலசத்தில் தீர்த்தம் விடும்போது வானத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்ததைப் பார்த்த பிறகுதான் மேலே நிற்கிறவர் பச்சைத் துணியை அசைப்பார், பட்டர்கள் குடத்தைக் கவிழ்ப்பார்கள். சாரத்தின் உச்சியில் பச்சைத் துணியோடு நின்றது சேஷாத்ரி மாமா. முகூர்த்தம் முடியப் போகிறது. கருடன் வரவில்லை. ஒரு காக்காய்கூட வரவில்லை.

அப்போது ஒரு மாமி கையை நீட்டி, "அதோ, அதோ வந்துட்டார்" என்றாள்.

சத்தமே இல்லாமல், இறக்கையை விரித்துக்கொண்டு, செங்காவி உடம்பும் வெள்ளைத் தலையுமாக வட்டமிட்டது. எது, யாருடையது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. "ரங்கா, ரங்கா" என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா மேலே உற்றுப் பார்த்தார். பச்சைத் துணியை அசைத்தார். மேளம் கொட்டியது, தீர்த்தம் கொட்டியது. எங்கள் போர் விமானம் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் ஆளில்லாத தென்னந்தோப்பில் போய் விழுந்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பிச்சோம் சார். வாயைத் திறக்காதீங்க" என்றேன்.

"பெருமாள் கோயில்ல பொய் சொல்லிட்டுக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன் சார்" என்று அவர் நேராக, இறங்கி வந்த மாமாவிடம் போய் நின்றார். நான் பின்னால் போய் வேஷ்டியைப் பிடித்து இழுத்தும் பிரயோஜனமில்லை. "மாமா, மன்னிச்சுடுங்கோ. அது கருடன் இல்லை. என்னோட விமானம்."

மாமா ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கருடனுக்கு வயித்துல ரெண்டு சக்கரம் உண்டோ? உச்சியில நின்னவன் நான்தானே அம்பி."

"அப்புறம் ஏன் துணியை அசைச்சேள்?"

"முகூர்த்தத்துக்கு மூணு நிமிஷம்தான் பாக்கி. அறுநூறு பேர் கழுத்து வலிக்க நிக்கறா. கருடனுக்கு நான் என்ன தந்தியா அடிக்க முடியும்? யார் தலையிலயாவது விழுந்துதா?"

"இல்லை மாமா. தோப்புல."

"அப்போ நாளைக்கு நிச்சயதார்த்தம். போய்ப் பொங்கல் சாப்பிடு."

சொல்லிவிட்டு மாமா மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நிஜக் கருடன் ஒன்று சாவகாசமாக வந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எல்லாரும் இலையில் இருந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் கும்பிட்டோம்.

மறுநாள் ரங்கநாயகி, "எவ்வளவு உயரம் போச்சு?" என்று கேட்டது. "கோபுரத்துக்கு மேல ரெண்டு தென்னை மரம்" என்று சொல்லும்போது அவர் காது சிவந்துபோனது. கல்யாணம் ஆன கையோடு வடக்கே மாற்றல் வந்து போய்விட்டார்கள். வாக்குத் தவறாத மனிதர், தோப்பில் தேடி எடுத்த விமானத்தை நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ராத்திரியே என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார். எங்கள் வீட்டு அலமாரி மேல்தான் இருக்கிறது. தூசி தட்டுவது நான்தான், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

இப்போதும் வானத்தில் கருடன் வட்டமிட்டால், கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் வயிற்றில் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.