முதுகு பத்திரம்

அந்தத் தகரப் பெட்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சரவணமுத்து கொல்லிமலை ஒற்றையடிப் பாதையில் வெகுநேரம் நின்றார்.

பெட்டிக்குள் அம்மைப்பால், ஊசி, பதிவேடு. வெள்ளிக்கிழமைக்குள் முப்பது குழந்தைகளுக்கு அம்மை குத்திப் பெயர் எழுதிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கீழே வெண்ணந்தூரில் பெட்டி தெருமுனையில் தெரிந்தாலே நெசவாளர்கள் குழந்தைகளைத் தறிக்குழிக்குள் இறக்கிவிடுவார்கள்.

"ஊட்ல புள்ளைகளே இல்லீங்க."

"குழிக்குள்ள தும்மல் கேக்குதே?"

"தறி பழசுங்க, அப்படித்தான் சத்தம் போடும்."

கீழேயே இப்படி. மலையில் எப்படியோ? முன்பு இந்த வேலையைப் பார்த்த கைலாசத்திடம் கேட்டிருந்தார். கைலாசம் ஒரு வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "முதுகு பத்திரமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடிப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சரவணமுத்து பெட்டியைப் புதருக்குள் வைத்துத் தழையால் மூடினார். முதலில் பழகுவோம், பிறகு பக்குவமாகச் சொல்வோம்.

ஊரில் இருபது வீடுகள். புதுக்கிணற்றடியில் ஊர்க்கவுண்டர் சின்னண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சின்னாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எதுக்கு இத்தன தூரம்?"

"பலாப்பழம் பாக்கலாம்னுங்க."

சின்னாயி முறத்தை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தாள். மறுபடி புடைத்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. பழம் பாக்க வந்தவங்கதான் மரமேறி எறக்கணும். எங்கூரு மொறை" என்றார் சின்னண்ணன்.

பொழுது சாய்வதற்குள் சரவணமுத்து பதினெட்டுப் பழங்களை இறக்கித் தோளில் சுமந்து வந்து சேர்த்தார். சட்டையெல்லாம் பலாப்பிசின். இரவு மல்லாந்து படுத்தவரால் காலையில் பாயை விட்டுப் பிரிய முடியவில்லை.

மறுநாள், "பழமெல்லாம் சும்மாங்க. மலைச்சாமிக்கு ஒரு வேண்டுதல், அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா? வேண்டுதல்காரங்க ஊருக்குக் கல்லு சொமந்து போடணும். கெணறும் சுத்துச்சுவர் இல்லாமக் கெடக்குது."

புதன்கிழமை மாலை சுவர் இடுப்பளவு எழுந்திருந்தது. சரவணமுத்துவின் இடுப்புதான் எழவில்லை.

"இடுப்பு வலிங்க" என்று முனகினார். "நெசத்துக்கு மூலிகை தேடித்தான் மலையேறுனேன்."

"இடுப்பு வலிக்கு மூலிகை எதுக்குங்க? உலக்கை புடிச்சாப் போதும்" என்று சின்னண்ணன் மூன்று மூட்டைச் சாமையைக் காட்டினார்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் மூன்றாவது மூட்டையின் நடுவே சரவணமுத்து உலக்கையைக் கீழே வைத்தார். கைகளில் கொப்புளம். அடிபட்டாலும் சரி, இதைவிட மோசமாக இருக்காது.

"கவுண்டரே, நான் பொய் சொல்லிட்டேன். நான் அம்மை குத்துறவன். முப்பது புள்ளைங்க பேரு இல்லாம எறங்குனா எனக்குச் சோறு இல்லீங்க."

சின்னண்ணன் மெல்ல எழுந்தார். சரவணமுத்து கண்ணை மூடி முதுகைக் குறுக்கிக்கொண்டார்.

"ஏய்! புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்கப்பா!" என்று சின்னண்ணன் குரல் கொடுத்தார்.

சரவணமுத்து நொண்டியபடியே புதருக்கு ஓடினார். பெட்டி இருந்தது. ஆனால் யாரோ அதை ஈரச்சாக்கில் சுற்றி, வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். சாக்கு அன்று காலையில்தான் நனைத்ததுபோல் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்றுகூட அழவில்லை. முப்பத்திரண்டு பெயர்களை எழுதி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"உங்களுக்கெல்லாம் ஊசின்னா பயமே இல்லீங்களா?"

நாலு நாளாக வாயே திறக்காத சின்னாயி, கிணற்றின் புதுச்சுவரில் முறத்தைச் சாய்த்து வைத்தாள்.

"பயமெல்லாம் குத்த வர்றவங்களுக்குத்தானுங்க. நீங்க தேவலைங்க சாமி, நாலே நாள்ல சொல்லிப்புட்டீங்க. போன வருசம் கைலாசம், தேன் பாக்க வந்தேன்னு ஒரு மாசம் சாதிச்சாரு, அதுக்குள்ள பெட்டியில மருந்தே கெட்டுப்போச்சு. இந்தக் கெணறு அவரு வெட்டுனதுதானுங்க."