விருந்தாளியின் வலக்கண்

வெண்மதில் நாட்டில் எல்லாச் சுவர்களையும் மாதம் ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே அரச சுண்ணாம்பு ஆலை ஓயாமல் நடந்தது. அந்நாட்டு மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். அதனால், தான் செய்யும் எதற்கும் மக்களே பொறுப்பு என்று மன்னர் அடக்கத்தோடு சொல்லிவந்தார்.

ஒரு தேர்தலுக்கு முன் அவர் ஆலையைப் பார்வையிட்டார். சுண்ணாம்புத் தொட்டியின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றவர்களைப் பார்த்துக் கண்கலங்கினார். மாலையே ஆணை வந்தது. இனி இந்நாட்டில் தொழிலாளி என்று எவரும் இல்லை. ஆலைக்கு வருவோர் யாவரும் அரச விருந்தினர்.

மறுநாள் முதல் ஆலை வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள், ஆளுக்கு ஒரு கற்கண்டு கொடுத்தார்கள். கூலி ஒழிந்தது. அதற்குப் பதிலாக மாலையில் ஒரு தாம்பூலப் பை கிடைத்தது. விருந்தாளியை மணி பார்த்து அனுப்புவது பண்பாகாது என்பதால் வேலை இருட்டும்வரை நீண்டது. கண்ணுக்கும் கைக்கும் கவசம் மாட்டிவிட்டு விருந்தாளியைப் பயமுறுத்தலாமா என்று அவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது வாசல் எழுத்தர், "திருப்தியா?" என்று கேட்பார். "எல்லாம் திருப்திங்க" என்று சொன்னால்தான் பை கிடைக்கும். ஆறு ஆண்டுகளில் அந்தப் பதில் தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பழகிப்போனது.

கொளஞ்சி அங்கே சுண்ணாம்பு நீற்றுகிறவன். சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட வேண்டும்; அது சீறிக்கொண்டு கொதிக்கும். ஒரு பகலில் கல் வெடித்து, கொதிக்கும் சுண்ணாம்பு அவன் வலக்கண்ணில் தெறித்தது. பக்கத்துத் தொட்டியில் நீற்றிக்கொண்டிருந்த வேம்பு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். எழுத்தர் தலைநிமிராமல், "திருப்தியா?" என்றார்.

"எல்லாம் திருப்திங்க" என்றான் கொளஞ்சி, கண்ணைப் பொத்திக்கொண்டு. எழுத்தர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

கண் போனது. தொட்டிக்கும் காலுக்கும் உள்ள தூரம் தெரியாதவனுக்கு ஆலையில் கற்கண்டு கிடையாது. ஆனால் வேலையில் உறுப்பு இழந்தவனுக்கு ஆயுள் முழுதும் அரசே அரிசி தர வேண்டும் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. அதை நீக்க மறந்துவிட்டார்கள். கொளஞ்சி மனு போட்டான். தங்கள் அன்புக்கு நன்றி, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

அவன் உபசாரத் துறை அதிகாரியிடம் நேரில் போனான்.

"அந்தச் சட்டம் தொழிலாளருக்கு உரியது. தாங்களோ விருந்தினர்" என்றார் அதிகாரி.

"விருந்தாளிய எவனாவது, நேரங்கழிச்சு வந்தான்னு வெயில்ல நிக்க வைப்பானாங்க?"

"உரிமையுள்ள இடத்தில்தான் கோபம் வரும்."

"எங்கப்பன்கூட அப்படி நிக்க வச்சதில்லீங்க."

"அவருக்குப் பாசம் குறைவாக இருந்திருக்கும்" என்ற அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "மேலும், சம்பவத்தன்று தாங்களே திருப்தி தெரிவித்திருக்கிறீர்கள். எல்லாம் திருப்தி என்று. எல்லாம் என்பதில் கண்ணும் அடங்கும்."

வீட்டில் அவன் மனைவி தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணு வெந்துக்கிட்டு இருக்கு, அப்பவும் மரியாதை கேக்குதா உனக்கு?"

"பழக்கம்டி. வாய் தானா சொல்லிடுச்சு."

"அந்த வாயக் கட்டிக்கிட்டு கிளம்பு. மேல போவோம்."

மேல்மன்றத்தில் சாட்சி கேட்டார்கள். வேம்பு வந்தான். நீதிபதி முதல் கேள்வியாக, "நீர் யார்?" என்றார். உபசார அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து வேம்பைப் பார்த்துப் புன்னகைத்தார். விருந்தாளி என்று சொன்னால் கொளஞ்சிக்கு அரிசி இல்லை. வேறு எதைச் சொன்னாலும் வேம்புக்கு நாளை ஆலை இல்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

வேம்பு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது. "எந்த ஊட்டு விருந்துலங்க சாமி கை இப்படி வேகும்? நான் கூலிக்காரன். இவனும் கூலிக்காரன்தான்."

நீதிபதி நேர்மையானவர். நியமனங்களில் எப்போதாவது அப்படிப்பட்ட கவனக்குறைவு நேர்ந்துவிடுகிறது. அவர் தீர்ப்பு எழுதினார்: கொளஞ்சி தொழிலாளியே, இந்நாட்டுக் குடிமகனாகிய இவருக்கு ஆயுள் முழுதும் அரிசி வழங்கப்பட வேண்டும்.

"எந்தக் கிடங்குல வாங்கிக்கணும்?" என்று மட்டும் தெய்வானை கேட்டாள்.

மன்னர் நீதிமன்றத்தை மதிப்பவர். தீர்ப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலை புதிய ஆணை வந்தது. ஆலைக்காரர்களை மட்டும் விருந்தினராக்கி மற்றவர்களைப் புறக்கணித்ததற்கு மன்னர் வருந்துகிறார். இன்று முதல் நாட்டிலுள்ள அனைவரும் அரச விருந்தினர். குடிமக்கள் என்ற வறட்டுச் சொல் நீக்கப்படுகிறது. வீட்டுக்காரர் யார் என்பதை விருந்தினர் தேர்ந்தெடுப்பது எங்கும் வழக்கமில்லை என்பதால் தேர்தலும் கைவிடப்படுகிறது.

தெருவெல்லாம் பன்னீர் தெளித்தார்கள். கொளஞ்சியின் வழக்கைக் கேலி பேசிய வியாபாரிகளும் வாத்தியார்களும் சந்தனப் பொட்டோடு கற்கண்டு வரிசையில் நின்றார்கள். "ஓட்டு வரிசைக்கு இது எவ்வளவோ மேல், சீக்கிரம் நகருது" என்றார் ஒரு வாத்தியார்.

தெய்வானை கிடங்குக்குப் போனாள். கிடங்குக்காரர் தீர்ப்பை இருமுறை படித்தார். "குடிமகனுக்கு என்று தெளிவாக இருக்கிறது. அப்படி யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், உடனே அளந்துவிடுகிறோம்." வெளியே, ஆலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட வேம்பு மூட்டை தூக்க இடம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவள் அவனோடு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்து உபசார அதிகாரி ஒரு படிவத்தோடு வீடு வீடாக வந்தார். கொளஞ்சியிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்தைப் படித்தார். "எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம்?"

கொளஞ்சி மிச்சமிருந்த கண்ணால் அவரைப் பார்த்தான். "நான் இங்கியே பொறந்தவங்க."

"எப்போது வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லையே."

தெய்வானை குறுக்கே வந்தாள். "இவரு கண்ணுக்குப் பதில் சொல்ற வரைக்கும் இருப்போம்னு எழுதிக்க."

அந்தக் கட்டத்தில் எண் மட்டுமே எழுத முடியும். அதிகாரி சற்று யோசித்துப் பூஜ்யம் என்று எழுதினார். பிறகு சிரித்த முகத்தோடு வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.