‘பத்துக்குள்ள’ நடத்திய பயிற்சி வகுப்பு

வெடிமருந்துக்குப் பயப்படாத ஆட்களைச் சிவகாசியில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். ஆனால் ரெண்டாம் பக்கத்துக்குப் பயந்தே உடம்பு இளைத்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ‘பத்துக்குள்ள’.

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம் அது. ஓர் ஆப்செட் பிரஸ்ஸின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் மேலே மானிட்டர் நடுங்கும். பட்டாசுக் கம்பெனிகளுக்கும் காலண்டர் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு, யாராவது இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வருகிற பத்துப் பெயர்களுக்குள் அவர்களைக் கொண்டுவர வேண்டும். எஸ்.இ.ஓ. என்பார்கள். அதைப் புது ஆட்களுக்குச் சொல்லித்தர வைத்திருந்த ஆள்தான் இவர். எங்களைவிட மூன்றே வயது மூத்தவர். வாயைத் திறந்தால் “பத்துக்குள்ள வரணும்லே” என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கிறுக்கு ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டலில் சர்வர் ஒப்பிக்கும் பலகாரங்களில் பத்துக்கு மேல் காதில் வாங்க மாட்டார். பதினொன்றாவதாகச் சொன்னான் என்பதற்காக, விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு பரோட்டா தின்னாமல் எழுந்து வந்த ஒரே மனிதர். தரகர் கொண்டுவந்த ஜாதகங்களில் பதினோராவதை விரித்தே பார்க்கவில்லை என்று அவருடைய அம்மா எங்களிடமே புலம்பியிருக்கிறார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று பேர். நான், காதர், ஏழாயிரம்பண்ணையிலிருந்து வரும் முனீஸ்வரி. முதல் வாரம் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை.

“கீபோர்டைத் தொட்டா வெரலை ஒடிச்சிருவேன்லே. சனம் எதை எப்படிச் சொல்லுதுன்னு மொதல்ல கேட்டு எழுதிட்டு வாங்க.”

நோட்டும் கையுமாக விஸ்வநத்தம் போனோம். வேலை முடிந்து வந்த சனத்திடம், “எந்தக் கம்பெனியில வேலை பாக்கீக?” என்று கேட்டு எழுதினோம். நோட்டோடு நின்றால் எங்கள் பக்கத்தில் அது அதிகாரிதான். ஒரு ஃபோர்மேன் ஓடிவந்து நாற்காலி போட்டார். “ஐயா, சோடா, கலர் ஏதும் சாப்பிடுதீகளா?” என்றார். அவருக்குப் பின்னால் படபடவென்று ஷெட் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எஸ்.இ.ஓ. என்று காதர் விளக்கினான். அந்தப் பதவிக்குப் பயந்து ஆளுக்கொரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்.

‘பத்துக்குள்ள’ பாக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைப் புரட்டினார். ஒருவர்கூட போர்டில் உள்ள பெயரைச் சொல்லியிருக்கவில்லை. மொட்டைக்கிணத்துக் கம்பெனி, ரெட்டை வேம்புக் கம்பெனி என்றே சொல்லியிருந்தார்கள்.

“இதாம்லே பாடம். போர்டுல உள்ள பேரு மொதலாளிக்கு. வாயில உள்ள பேருதான் தேடுறவனுக்கு” என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். புகை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மொட்டைக்கிணத்துக் கம்பெனி என்று தகவல் வந்தது. முனீஸ்வரியின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. அந்தப் பிள்ளை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியது.

அந்தக் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர் வேறு. மத்தியானம் எங்கள் முதலாளி மாடிக்கு வந்தார்.

“அவுக பேரைத் தட்டுனா விபத்துச் செய்தி தெரியக் கூடாதாம். பத்துலயும் அவுக சரக்குதான் தெரியணுமாம். புதுப் பிள்ளைகளை வச்சே செய்யி, பழகுன மாதிரியும் இருக்கும்.”

“செஞ்சிருவோம் அண்ணாச்சி” என்றார் ‘பத்துக்குள்ள’. எனக்கு அவரைச் செவிட்டில் அறையலாம் போல இருந்தது.

ரெண்டு மணிக்கு முனீஸ்வரி திரும்பி வந்தாள். “கெடத்தியிருக்கவுகள்ல எங்கம்மா இல்லண்ணே. எந்த ஆஸ்பத்திரின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. உசுரோட இருக்காளான்னே தெரியல” என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை.

அவர் எங்களைப் பார்த்தார். “ஏலே காதரு, நீ இங்கன கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, பொறவு விருதுநகர். ” என் பக்கம் திரும்பி, “நீ மதுரைக்குப் போ. அவ அம்மா பேரை மட்டும் பாத்துட்டு வந்துராதீக. எம்புட்டுப் பேரு இருக்கோ அம்புட்டையும் போன்ல சொல்லுங்க.”

மதுரையில், தீக்காய வார்டுப் பட்டியலில் அந்த அம்மாள் பெயர் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். அன்று ராத்திரியே முனீஸ்வரி மதுரைக்கு வந்து சேர்ந்தாள். தாயும் மகளும் ரெண்டு நாள் ஒன்றாக இருந்தார்கள். அந்த ரெண்டு நாளும் ‘பத்துக்குள்ள’ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனிக்காரர் எங்கள் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து தன் கம்பெனிப் பெயரைத் தட்டிப் பார்த்தார். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் என்று வரிசையாக அவர் சரக்கு. பேப்பர்களில் வந்த விபத்துச் செய்தி ஒன்றையும் காணோம். “கெட்டிக்காரன்யா” என்றார். பிறகு ஏழாவதைப் படித்தார். ‘மொட்டைக்கிணத்துக் கம்பெனி விபத்து: யார் யார் எந்த ஆஸ்பத்திரியில்’. பெயர், வயது, ஊர், வார்டு, இறந்தவர்கள் பட்டியல் எல்லாம் அவருடைய வெப்சைட்டிலேயே இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் வாயில் உள்ள பெயரைத் தட்டி அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“என்னலே இது?” என்றார் முதலாளி.

“நீங்க சொன்னபடி பத்தையும் அவுகளத வச்சுத்தான நெரப்பிருக்கேன் அண்ணாச்சி. செத்தவுகளும் அவுக கம்பெனிதான?”

அன்றே வேலை போனது. அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு தெரியவில்லை என்று ஒரு வாரம் சாதித்தேன். அதை எழுதிய சீட்டு மானிட்டரிலேயே ஒட்டியிருந்தது.

வேலை போன அன்று, அவர் ஊருக்குக் கிளம்பிய பின்தான் முனீஸ்வரியின் போன் வந்தது. விடியும்போது அம்மா போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொன்னேன். முனீஸ்வரி சொன்ன இன்னொன்றையும் சொன்னேன். “என்னை எப்பிடித் தாயி கண்டுபிடிச்ச?” என்று அம்மா கேட்டாளாம். ஆபீஸில் ஓர் அண்ணன் ரெண்டு நாளாக உட்கார்ந்து எல்லார் பெயரையும் சேர்க்கிறார் என்று மகள் சொன்னாளாம். அதற்கு அந்த அம்மாள், “அந்தத் தம்பி சாப்பிட்டுச்சா?” என்றாளாம். அந்த அம்மாள் கடைசியாகப் பேசியது அதுதான்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர், பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

கையைப் பிடித்து எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் நாலு இட்லி சொன்னேன். சாப்பிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்த அண்ணன் சாப்பிடுவதைக்கூட நான் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.